ஒரு ஆளுக்கு ஒரு பெயர்
(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறியியல் பிரிவு)



நெட்வொர்க் என்றாலே கேபிள் இழுப்பது, ஸ்விட்ச் பொருத்துவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதி வேலைதான். மீதிப் பாதி, 'யார் உள்ளே வரலாம்?' என்கிற கேள்வி. பயிற்சிக்காகப் போயிருந்த கீழ்க்கட்டளை அலுவலகம் ஒன்றில் பார்த்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அங்கே 22 கம்ப்யூட்டர்கள். சிலவற்றில் விண்டோஸ், சிலவற்றில் லினக்ஸ். காலையில் வந்து உட்கார்ந்தால் கம்ப்யூட்டருக்கு ஒரு பாஸ்வேர்டு, மெயிலுக்கு ஒன்று, ஃபைல் சர்வருக்கு ஒன்று, கணக்கு சாப்ட்வேருக்கு ஒன்று. இத்தனையையும் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? மானிட்டர் ஓரத்தில் சீட்டு எழுதி ஒட்டியிருப்பார்கள்! இதற்குச் சிரித்துவிடலாம். ஆனால் வேலையை விட்டுப் போன ஒருவருடைய பெயர் ஃபைல் சர்வரில் நாலு மாதம் உயிரோடு இருந்தது. மெயிலில் எடுத்துவிட்டார்கள், மற்ற இடம் யாருக்கும் தோன்றவில்லை. அவர் நல்ல மனிதர், ஒன்றும் நடக்கவில்லை. வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால்? வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் எல்லோருடைய சம்பளப் பட்டியலும் அங்கேதான் இருந்தன.

இன்னொரு சங்கதி. லினக்ஸுக்கு நம் பெயர் முக்கியமில்லை, பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்தான் முக்கியம். ஒரு கம்ப்யூட்டரில் செல்விக்கு 1001 என்று எண் விழும், அடுத்த கம்ப்யூட்டரில் ரமேஷுக்கும் அதே 1001 விழும். இரண்டும் ஒரே ஃபைல் சர்வரை என்.எஃப்.எஸ். வழியாகப் பகிர்ந்துகொண்டால், செல்வியின் ஃபைலை ரமேஷ் ஜாலியாகத் திறக்கலாம். சர்வரைப் பொறுத்தவரை இருவரும் ஒரே ஆள்!

2021-ல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது நமக்குத் தெரியும். பத்துப் பதிவேடுகளை ஒன்றாக்க வேண்டுமென்றால் முதலில் 'இந்த வீடும் அந்த வீடும் ஒன்றா, வேறா?' என்று பார்த்தாக வேண்டும் அல்லவா? அலுவலகத்திலும் அதே கதைதான். எந்த சாப்ட்வேரைப் போடுவது என்பது பிறகு. முதலில் எல்லா இடத்துப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, ஆளுக்கு ஒரு பெயர், ஒரு எண் என்று முடிவு செய்ய வேண்டும். அலுப்பான வேலை. ஆனால் அதிக நேரம் பிடிப்பதும் இதுதான்.

அந்தப் பட்டியலை வைக்கும் இடத்துக்கு டைரக்டரி என்று பெயர். சன் கம்பெனி 1980-களில் 'எல்லோ பேஜஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாமுக்குச் சொந்தம் என்பதால் பிறகு அது என்.ஐ.எஸ். ஆனது. 1993-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்டேப் பிறந்தது. இன்றைக்கும் ஓடுவது இதுதான். மைக்ரோசாஃப்ட் இதையும் கெர்பராஸையும் சேர்த்து, விண்டோஸ் 2000-உடன் 'ஆக்டிவ் டைரக்டரி' என்று கொடுத்தது.

கெர்பராஸ் என்றதும் பயப்பட வேண்டாம். கீழ்க்கட்டளை டெர்மினஸில் பஸ் ஏறும் நமக்கு அது சுலபமாகப் புரியும். மாதாந்திர பாஸ் வாங்கும்போது ஒரு தடவைதான் நாம் யாரென்று காட்டுகிறோம். அதன் பிறகு எந்தக் கண்டக்டரும் நம் வீட்டு விலாசத்தைக் கேட்பதில்லை, பாஸைப் பார்த்தால் போதும். அதேபோல காலையில் ஒரு தடவை பாஸ்வேர்டு கொடுத்தால் ஒரு 'டிக்கெட்' கிடைக்கும். பிரிண்டர், ஃபைல் சர்வர், மெயில் எல்லாவற்றுக்கும் அந்த டிக்கெட்டை வைத்துத்தான் வழி. ஆக்டிவ் டைரக்டரியில் வழக்கமாக அது 10 மணி நேரம் செல்லும்.

டிக்கெட்டில் நேரம் எழுதியிருப்பதால் எல்லாக் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் உள்ளே விடாது. மதர்போர்டு பேட்டரி செத்துப்போன ஒரு பழைய கம்ப்யூட்டர், 'பாஸ்வேர்டு சரியாகத்தானே போடுகிறேன்' என்று ஒருவரை அரை நாள் புலம்ப வைத்ததைப் பார்த்தேன்!

சரி, இந்த டைரக்டரிக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? வேண்டாம். 1992-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா இருக்கிறது. 2012 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பிலிருந்து அதுவே ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலராக நிற்கும். விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

அடுத்தது மெயிலும் நாட்குறிப்பும் சேர்ந்த குரூப்வேர். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பு சந்தா முறையில்தான். அதனால்தான் பலர் மாற்று தேடுகிறார்கள். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு அதே மாதம் 40,000-க்கும் மேற்பட்ட மெயில் பெட்டிகளை எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓப்பன்-எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றி முடித்தது. எல்லோரும் ஜெயிக்கவில்லை. 2003-ல் லினக்ஸுக்குப் போக முடிவெடுத்த மியூனிக் மாநகராட்சி, 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. மெயில், முகவரி, நாட்குறிப்பு மூன்றுக்கும் சேர்த்து ஒரே சாப்ட்வேர் இல்லை என்பதும் அங்கே சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று.

மெயிலை மாற்றுவது கஷ்டமில்லை. ஐமேப் வழியாக இரவோடு இரவாக ஃபோல்டர் ஃபோல்டராக நகல் எடுக்கலாம். கழுத்தை அறுப்பது நாட்குறிப்புதான். 'மாதத்தின் கடைசி வெள்ளி மீட்டிங். தீபாவளி வந்தால் மட்டும் வியாழன்' என்பதைப் புது சாப்ட்வேர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பழைய பாஸ்வேர்டுகளும் வராது. அவை ஒருவழிக் கணக்காகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும், திருப்பிப் படிக்க முடியாது. ஆகவே எல்லோரும் புதிதாகப் போட வேண்டும். அந்த ஒரு நாள் நமக்குக் கிடைக்கும் திட்டுகளைக் கணக்கில் வைக்கக் கூடாது!

நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. கூடுவாஞ்சேரி அருகே வளாகம் வைத்திருக்கும் ஜோஹோவின் தளத்துக்கு மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில் மாற்றப்பட்டதாக 2025-ல் செய்தி வந்தது. தமிழ்நாட்டுக் கம்பெனி என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் ஜோஹோவும் மூடிய சாப்ட்வேர்தான், மூலநிரல் நம் கையில் இல்லை. அதனால் விலாசத்தைவிட, ஐமேப், கேல்டேவ் மாதிரி பொது வழிகள் திறந்திருக்கின்றனவா, நாளைக்கு மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வர முடியுமா என்றுதான் நான் பார்ப்பேன்.

இதையெல்லாம் நம் லேபிலேயே செய்து பார்க்கலாம். பழைய கம்ப்யூட்டர் இரண்டு போதும். ஒன்றில் டெபியன் போட்டு அதன் மேல் சாம்பா, இன்னொன்றில் விண்டோஸ் புரொஃபஷனல். ஹோம் எடிஷன் டொமைனில் சேராது, கவனம்! டி.என்.எஸ்.ஸுக்கு சாம்பா இருக்கும் கம்ப்யூட்டரையே காட்டுங்கள். கடிகாரத்தை முதலில் சரி பாருங்கள்.