சேறு பார்த்த வண்டியா?

பழைய டிராக்டர் பார்க்க என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறவர்கள், "எந்த வருஷ மாடல்ணே?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் கேட்பது, அது எந்த ஊரில் ஓடிய வண்டி என்று. மன்னார்குடிப் பக்கம் கேஜ்வீல் மாட்டிச் சேற்றில் உழுத வண்டியும் நாமக்கல் மேட்டுக்காட்டில் கலப்பை இழுத்த வண்டியும் ஒரே வருஷத்தில் வாங்கியவையாக இருக்கலாம். ஆயுள் ஒன்றாக இருக்காது. சேறு பின் ஆக்சிலின் ஆயில் சீலை அரித்துவிடும். சீல் போனால் தண்ணீர் உள்ளே இறங்கி, ஆயில் பால் விட்ட காபி மாதிரி ஆகிவிடும். மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மணி மீட்டரை நான் நம்புவதில்லை. கிளட்ச் பெடல் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் ஆயிரம் மணி என்றால் எதை நம்புவது? எஞ்சினைச் சூடேற்றி பிரீதர் குழாயைப் பார்ப்பேன். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது, தூக்கி நிறுத்திய ரொட்டவேட்டர் தலையாட்டிக்கொண்டே இருந்தால் ஹைட்ராலிக்கில் கசிவு.

இவ்வளவு பாடுபட்டுப் பழசைத் தேடுவதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 'டிரெம் 4' புகைக் கட்டுப்பாடு வந்தது. பழைய டீசல் பம்ப் இருந்த இடத்தில் பெரும்பாலும் சென்சாரும் கம்ப்யூட்டரும் வைத்த காமன் ரெயில் வந்து உட்கார்ந்தது, விலையும் ஏறியது. ஸ்பேனரை மட்டும் நம்பிப் பட்டறை நடத்துகிற என்னைப் போன்றவர்களுக்கு அதில் வேலை இல்லை. உழவு நெருக்கடியில் ஒரு சென்சாருக்காக வண்டி நின்றால் கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் அதற்கு முந்தைய பெரிய வண்டிகளுக்குத் தனி மவுசு. கம்பெனிகளும் 49 சொச்சம் குதிரைத்திறனில் வண்டி விட்டன. கெட்டிக்காரர்கள்!

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரி நீங்கலாக 7 லட்சம் ரூபாய் வண்டி என்றால் 49,000 ரூபாய் மிச்சம். டிராக்டர் டயருக்கு 18 சதவீதம் 5 ஆனது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கத்தானே வேண்டும்? விற்கிறவர் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். ஷோரூமில் இன்றைய விலையை எழுதி வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதல், அதையும் கூட்டிப் பாருங்கள்.

கடைசியில் ஆர்சி. அதில் கடன் கொடுத்தவர் பெயர் இருந்தால் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும்; பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்பார் தரகர். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் நஷ்டஈட்டு வழக்கு ஆர்சியில் இருக்கிறவரைத்தான் தேடி வரும் என்பதால் விற்கிறவருக்கும் இதில் அக்கறை வேண்டும். பெயர் மாறும்வரை கொஞ்சம் பணத்தைப் பிடித்து வையுங்கள் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுவேன். தரகருக்கு என்மேல் கோபம்தான். அவர் கமிஷனும் அதுவரை நிற்குமே!