ஹேமக்குக்கு அடியில் கட்டும் ரஜாய்: எந்தப் பஞ்சு வாங்கலாம்? எக்செல்லில் கணக்குப் போடுங்கள்!

கம்ப்யூட்டர் இதழில் ரஜாய் தைப்பதைப் பற்றி என்ன கட்டுரை என்று நினைக்கிறீர்களா? எக்செல் என்றால் சம்பளப் பட்டியலும் மார்க் ஷீட்டும் மட்டும்தான் என்று பலர் இருந்து விடுகிறார்கள். கையில் இருக்கும் அதே எக்செல், துணிக்கடையில் நம் பணத்தையும், மலையில் ஒருவருடைய உடம்பையும் காப்பாற்றும் என்பதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

அட்லாண்டாவில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் மார்ச் மாதம் அப்பலாச்சியன் ட்ரெயிலில் ஒரு வாரம் நடக்கப் போகிறான். ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலம் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் போகும் மலைப்பாதை அது. அவன் நடப்பது ஜார்ஜியாவில் உள்ள ஆரம்பப் பகுதி மட்டும். டென்ட் கிடையாது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமக் கட்டித் தூங்குவானாம். "சித்தப்பா, அண்டர்குவில்ட் ரெடிமேடாக வாங்கினால் விலை ரொம்ப அதிகம். நானே தைக்கிறேன். உள்ளே வைக்க எந்தப் பஞ்சு, எவ்வளவு கனம் என்று கணக்குப் போட்டுக் கொடுங்கள்" என்று மெயில் அனுப்பினான். மார்ச்சில் அந்த மலைகளில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கும். ரோடு பக்கத்தில் இருக்காது. பஞ்சு மெலிதாகப் போனால் விடிய விடிய நடுங்க வேண்டியதுதான். உடம்புச் சூடு அளவுக்கு மேல் குறைந்தால் உயிருக்கே ஆபத்து.

அண்டர்குவில்ட் என்பது ஹேமக்குக்கு அடியில், வெளிப்பக்கமாகத் தொங்கவிடும் ரஜாய். நம் வீட்டுத் தூளியை நினைத்துக் கொள்ளுங்கள். மேலே எத்தனை போர்த்தினாலும் அடியில் ஒற்றைத் துணிதான். காற்று முதுகில் படும். உள்ளே மெத்தை போட்டால் என்ன? சூட்டைக் காப்பது பஞ்சு அல்ல, பஞ்சுக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. நாம் மேலே படுத்தால் அது நசுங்கிக் காற்று வெளியேறி விடும். அதனால்தான் நசுங்காதபடி வெளியே கட்டுகிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். துணியின் கதகதப்பை அளக்க 'க்ளோ' என்று ஓர் அலகு இருக்கிறது. 1941-இல் ஆய்வாளர்கள் வகுத்தது. கோட், சூட் போட்ட ஒருவருக்குக் கிடைக்கும் கதகதப்பு ஏறத்தாழ 1 க்ளோ. இயற்பியல் அலகில் இது 0.155. தூங்கும் மனிதனின் உடம்பு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட் சூட்டை வெளியிடுகிறது. தோலின் வெப்பநிலை 33 டிகிரி என்று வைத்துக் கொள்ளலாம். இவை போதும்.

எக்செல்லைத் திறந்து கொள்ளுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரிதான். ஏ2 செல்லில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையை செல்சியஸில் டைப் செய்யுங்கள். பி2 செல்லில் இந்த ஃபார்முலாவைக் கொடுத்து என்டர் தட்டுங்கள் (ஏ2 என்பதை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்):

=((33-ஏ2)/40/0.155-1.7)/0.0242

விடை, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பஞ்சு வேண்டும் என்பது. துணிக்கடையில் ஜி.எஸ்.எம். என்பார்களே, அதுதான். 1.7 எங்கிருந்து வந்தது? போட்டிருக்கும் உடைக்கு 1 க்ளோ, ஹேமக் துணிக்கும் இடையில் நிற்கும் காற்றுக்கும் 0.7 க்ளோ என்று நான் வைத்த மதிப்பு. மெல்லிய உடையோடு படுப்பவர்கள் இதைக் குறைத்துக் கொள்ளுங்கள். 0.0242 என்பது பஞ்சின் தரம். கிளைமாஷீல்ட் ஏபெக்ஸ் என்ற பஞ்சுக்கு, ஒரு சதுர கெஜத்துக்கு ஓர் அவுன்ஸ் கனம் இருந்தால் 0.82 க்ளோ என்று சொல்கிறார்கள். அதைக் கிராமுக்கு மாற்றினால் இந்த எண் வரும்.

10 டிகிரி கொடுத்தால் 83 கிராம் வருகிறது. 5 டிகிரிக்கு 116, பூஜ்யத்துக்கு 150, மைனஸ் 5-க்கு 183. அமெரிக்காவில் வீட்டிலேயே தைப்பவர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: 50 ஃபாரன்ஹீட்டுக்கு இரண்டரை அவுன்ஸ், 40-க்கு 3.6, 30-க்கு 5. கிராமில் 85, 122, 170. நம் ஃபார்முலா இதே வெப்பநிலைகளுக்கு 83, 120, 157 என்கிறது. அனுபவமும் கணக்கும் இந்த அளவுக்கு ஒத்துப் போனதில் எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்!

எனவே லேபிளில் போட்டிருக்கும் டிகிரியையோ, கையால் அமுக்கிப் பார்த்துத் தெரியும் தடிமனையோ நம்பி வாங்காதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். ஜி.எஸ்.எம். எவ்வளவு? கிராமுக்கு எத்தனை க்ளோ?

மூன்றாவதாக ஒன்று, இழையின் நீளம். ஏபெக்ஸில் இழைகள் அறுபடாமல் நீளமாக ஓடும். அதனால் சுற்றிலும் ஓரத்தில் மட்டும் தையல் போட்டால் போதும். பிரைமாலாஃப்ட் போன்றவற்றில் பெரும்பாலும் குட்டை இழைகள். தொட்டால் வாத்துத் தூவி போல மிருதுவாக இருக்கும், கதகதப்பும் நன்றாக இருக்கும். ஆனால் இடையிடையே தைக்காவிட்டால் பஞ்சு நகர்ந்து ஒரு பக்கம் சேர்ந்து விடும். தையல் போட்ட கோடுகளிலோ பஞ்சு நசுங்கிக் குளிர் உள்ளே வரும். முதல்முறை தைப்பவருக்கு நீள இழைதான் என்பது என் கட்சி.

அசல் தூவி எடை குறைவு, அமுக்கினால் சிறிதாகும். ஆனால் நனைந்தால் சுருண்டு போய் விடும். அறை அறையாகத் தைத்து நிரப்பவும் வேண்டும். செயற்கைப் பஞ்சு ஈரத்திலும் ஓரளவு சூட்டைக் காக்கும். அதன் குறை, திரும்பத் திரும்ப அமுக்கி மூட்டை கட்டினால் உப்பல் குறைந்து கொண்டே வருவது. வீட்டில் இருக்கும்போது மடித்து அமுக்கி வைக்காமல் விரித்துத் தொங்க விடுங்கள். நெருப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள். பாலியஸ்டர் உருகி ஒட்டிக் கொள்ளும்.

அண்ணன் மகனுக்கு என்ன சொன்னேன்? பூஜ்யம் என்று எதிர்பார்த்தால் ஐந்து டிகிரி குறைத்து ஏ2-வில் போடு என்றேன். விடை 183. கடையில் கிடைப்பது 170 அல்லது 203. அவனுடைய ரஜாய் 1.3 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது 2.6 சதுர மீட்டர். 170 என்றால் பஞ்சு 442 கிராம், 203 என்றால் 528 கிராம். வித்தியாசம் 86 கிராம், ஒரு குளியல் சோப்பின் எடை! 203-ஐயே வாங்கச் சொல்லி விட்டேன். ரஜாய்க்கும் ஹேமக்குக்கும் நடுவே இடைவெளி விழாமல் எலாஸ்டிக் கயிற்றை இழுத்துக் கட்டுவது முக்கியம். இடைவெளி விழுந்தால் அங்கே குளிர்காற்று புகுந்து விடும். எத்தனை ஜி.எஸ்.எம். போட்டும் பயன் இருக்காது. ரொம்ப இறுக்கினாலும் பஞ்சு நசுங்கும்.

கொடைக்கானல், ஊட்டி போகும் வாசகர்கள் நம் ஊர்க் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் வாடிங்கிலும் தைக்கலாம். அதில் க்ளோ மதிப்பு எழுதியிருக்காது. பாதுகாப்புக்காக 0.0242-க்குப் பதில் பாதியாக, 0.012 என்று போடுங்கள். 8 டிகிரிக்கு 194 வரும்; 200 ஜி.எஸ்.எம். வாடிங் போதும்.

இரண்டு கடைச் சரக்கில் எது நல்லது என்று தெரிய வேண்டுமா? ஒரே ஜி.எஸ்.எம். சாம்பிள் இரண்டு வாங்குங்கள். ஒரே மாதிரி இரண்டு ஸ்டீல் பாட்டில்களில் ஒரே அளவு 60 டிகிரி வெந்நீர் ஊற்றி, இறுக்காமல் சுற்றி வையுங்கள். சூடு தாங்கும் ஃபிளாஸ்க் வேண்டாம், சாதா பாட்டில் போதும். டிஜிட்டல் தெர்மாமீட்டரால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து எக்செல்லில் குறித்து, லைன் சார்ட் போட்டுப் பாருங்கள். எந்தக் கோடு மெதுவாக இறங்குகிறதோ அந்தக் கடைக்குப் போங்கள்.