மயிலின் கால் முறிந்தபோது...

போன ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிறேன், கூடத்தில் 'படக்'கென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், சுவரில் இருந்த அப்பாவின் மயில் தரையில் கிடக்கிறது. பந்தைக் காணோம். பையனையும் காணோம்!

அந்த மயில் கடையில் வாங்கியதல்ல, சகோதரிகளே. வில் மாதிரி வளைந்த சட்டத்தில் நூல் கனத்துக்கு ஒரு பிளேடைப் பூட்டி, கால் அங்குலத் தேக்குப் பலகையில் அப்பா அறுத்தது. தோகையின் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் துளை போட்டு, பிளேடை அதற்குள் விட்டு, மறுபடி பூட்டி, சுற்றி அறுத்து எடுக்க வேண்டும். 'ஃப்ரெட் ஒர்க்' என்பார்கள். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் கைவேலையில் எங்கள் ஓசூர் வீட்டில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

ஒரு கால் முழுசாக முறிந்திருந்தது. கொண்டையில் ஒரு பூ போயிருந்தது. "உடைஞ்சதை வீட்டுல வச்சுக்கக் கூடாதும்மா, விட்டுடு" என்றார் மாமியார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குத் தொண்டையை அடைத்தது. அந்தக் கோபம் அத்தனையும் பையன் மேல் பாய்ந்தது. "நான் இல்லேம்மா" என்று ஒரே பிடிவாதம் அவன். கட்டிலுக்கடியில், ஷோபாவுக்கடியில் எல்லாம் துழாவினேன். முறிந்த கால் கிடைக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அவன் ஜாமெட்ரி பாக்ஸில் கிடைத்தது! பள்ளிக்கூடத்துக் கோந்தைப் பூசி, தானே ஒட்டிவிடலாம் என்று பார்த்திருக்கிறான். முறிந்த முனை முழுக்கப் பிசுக்கு. நான் கத்தாமல் இருந்திருந்தால் சுத்தமான துண்டு அன்றைக்கே கைக்கு வந்திருக்கும். ஆகவே, ரிப்பேரில் முதல் வேலை திட்டாமல் இருப்பது. இரண்டாவது, சிராய் உள்பட ஒன்று விடாமல் பொறுக்கி ஒரு கவரில் போட்டு வைப்பது. முறிந்த முகத்தை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. கரடுமுரடாக இருந்தால்தான் ஒரு பல் இன்னொரு பல்லில் போய் உட்காரும்.

கோந்தை ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்து எடுத்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கோந்துக்கு அடியில் பழுப்பாக, கண்ணாடி மாதிரி வேறொரு பசை. அது வஜ்ஜிரம்! அந்தக் காலத்து ஆசாரிகள் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த இந்தப் பசையைத்தான், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி உபயோகிப்பார்கள். அந்த வாடை வீட்டை விட்டுப் போக ஒரு நாள் ஆகும். அப்படியென்றால் இந்தக் கால் ஏற்கெனவே ஒரு முறை முறிந்து ஒட்டப்பட்டது!

அம்மாவுக்குப் போன் போட்டேன். சிரித்தாள். "உனக்கு மூணு வயசுடி. எட்டி இழுத்து நீதான் போட்டு உடைச்சே. நீ பார்த்து அழக் கூடாதுன்னு ராத்திரியோட ராத்திரியா ஒட்டி மாட்டினார்."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எந்த வேலையும் ஓடவில்லை.

சரி, அதே இடத்தில் ஏன் மறுபடியும் முறிய வேண்டும்? விறகு பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரம் அதன் ரேகையோடு சேர்ந்துதான் சுலபமாகப் பிளக்கும். அப்பா தோகையின் நீளத்துக்கு ரேகையைப் படுக்கையாக வைத்துவிட்டார். தோகை பலமாக நின்றுவிட்டது. ஆனால் ஒல்லியான காலுக்குக் குறுக்கே ரேகை ஓடுகிறது. பிஸ்கட்டை ஒடிப்பது போல ஒடியும். இனி நீங்கள் எது செய்தாலும், மிக மெல்லிய பாகம் எதுவோ அதன் நீளத்தில் ரேகை ஓடும்படி படத்தை ஒட்டுங்கள்.

பழைய பசை மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது. வஜ்ஜிரம் வெந்நீருக்கு இளகும். எனவே சுடு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைத்து வைத்து எடுத்தேன். ஒரு நாள் முழுக்க நிழலில் காய விட்டேன். முதலில் பசையில்லாமல் பொருத்திப் பார்த்தேன். பிறகு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையை ஈர்க்குச்சி நுனியால் இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவினேன். மேஜையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அடியில் பாலிதீன் தாள். இறுக்கிப் பிடிக்க சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம், துணி கிளிப். வெளியே பிதுங்கிய பசையை உடனே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாமல் வெள்ளைத் திட்டாகத் தெரியும். 24 மணி நேரம் தொடவே கூடாது. பையனைத்தான் காவலுக்கு வைத்தேன்!

இரண்டு முறை முறிந்த கால் அல்லவா? பின்பக்கம் ஓர் ஒல்லியான ப்ளைவுட் பட்டையை ஒட்டி முட்டுக் கொடுத்தேன். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

நொடியில் ஒட்டும் பசை இதற்கு லாயக்கில்லை. கோணலாக வைத்துவிட்டால் திருத்த முடியாது. அடி பட்டால் 'டக்'கென்று விட்டுவிடும். விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து மெதுவாகப் பிரியுங்கள். கண் இமை ஒட்டிக்கொண்டால் பிரிக்க முயற்சி செய்யாமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

கொண்டைப் பூ கடைசி வரை கிடைக்கவில்லை. பக்கத்துப் பூவின் மேல் தாள் வைத்து வரைந்து, ரேகை பார்த்து, ஆசாரி கொடுத்த தேக்குத் துண்டில் கார்பன் வைத்து எடுத்தேன். என்னிடம் மின்சார ஸ்க்ரோல் ஸா இருக்கிறது. தையல் மிஷின் ஊசி மாதிரி பிளேடு மேலும் கீழும் ஓடும். துணியைத் திருப்புவது போல மரத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். சின்னத் துண்டு சிராய்க்காமல் இருக்க, மேலும் கீழும் வேண்டாத ப்ளைவுட் வைத்து டேப் ஒட்டி, மூன்றையும் சேர்த்து அறுத்தேன். அறுத்த தூளில் கொஞ்சம் வெள்ளைப் பசை குழைத்து இடுக்கில் அடைத்தேன். இந்தக் கலவை காய்ந்தால் மரத்தைவிடக் கறுத்துத் தெரியும். முதலில் வேறு துண்டில் பூசிப் பார்ப்பது நல்லது. மைசூரில் ஈட்டிப் பலகையில் வேறு மரச் சில்லுகளைப் பதிக்கும் கலைஞர்களும் இதே போல மெல்லிய ரம்பத்தால்தான் யானையும் பூவும் அறுக்கிறார்கள். அவர்கள் வேலையில் இடுக்கே தெரியாது. நமக்கு வருமா? வராது!

உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடி அவசியம். ஈட்டித் தூள் சிலருக்கு அரிப்பும் இளைப்பும் கொண்டுவரும். வீட்டில் மூச்சுத் தொந்தரவு உள்ள குழந்தை இருந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

எங்கள் பக்கம் தொழிற்சாலைகள் அதிகம். மிஷின் வந்த பேக்கிங் பலகையைப் பிரித்து விற்பார்கள். மலிவு, அறுக்கவும் சுகம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த பலகையில் முத்திரை இருக்கும், பாருங்கள். 'எச்.டி.' என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு விஷப் புகை போட்டது. அதைக் குழந்தைச் சாமானுக்குத் தொடாதீர்கள்.

குழந்தைச் சாமான் என்றதும் சென்னபட்டணத்துப் பொம்மை ஞாபகம் வருகிறது. பெங்களூர்–மைசூர் சாலையில் இருக்கும் ஊர். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, அந்தச் சூட்டிலேயே அரக்கு உருகி வர்ணம் ஏறும். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். கொரோனா சமயத்தில் நான் சானிடைசரால் துடைத்து ஒரு கிலுகிலுப்பையின் பளபளப்பைப் போக்கினேன்! ஈரத் துணியே போதும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பொம்மையில் சக்கரமோ குமிழோ கழன்றால் ஒட்டிக் கொடுக்காதீர்கள். ஒட்டியது மறுபடி கழன்று தொண்டையில் சிக்கலாம். அதை எடுத்து வைத்துவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும்.

மயிலை மறுபடி மாட்டியபோது பையன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றான். புதுப் பூ மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. "இதைத் தாத்தா பண்ணலே, நீ பண்ணினதும்மா" என்று மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இன்னொரு ஆணி அடி. ஒத்தை ஆணியில தொங்கவிட்டா எப்படி நிக்கும்?" என்றார்.

அடித்திருக்கிறேன். பந்து இப்போது வாசலில்.