மெட்டில்லாப் பேஸ் கிற்றார்

வீணைக்கு 24 மெட்டுகள் உண்டு. கோட்டுவாத்தியத்துக்கு ஒன்றேனும் இல்லை. மேனாட்டுப் பேஸ் கிற்றாரிலும் இவ்விரு வகையும் உள. ஆங்கிலக் கலைஞர் பில் வைமன் 1961இல் தாம் வாங்கிய மலிவான பழங்கருவியின் மெட்டுகளைக் களைந்தார். புதியன பொருத்த எண்ணியிருந்தவர், எழுந்த ஒலியின் இனிமை கண்டு அவ்வாறே விட்டுவிட்டார். 1966இல் அம்பெக் நிறுவனம் மெட்டில்லாக் கருவியை விற்பனைக்கு விடுத்தது. 1976இல் வெளிவந்த தம் முதல் இசைத்தட்டினால் ஜாக்கோ பஸ்ரோறியஸ் அதற்குப் பெரும்புகழ் தேடித்தந்தார்.

ஆதலின், பழைய கருவியோடு கற்கத் தொடங்கும் வறிய மாணவன் நாணவேண்டுவதில்லை. வாங்குமுன் கழுத்து நேராக உளதா, விரற்பலகையிற் கம்பிகள் பள்ளம் அறுத்துள்ளனவா என்பவற்றை நன்கு நோக்குக. தட்டைச் சுற்றுடைய கம்பிகளைப் பூட்டின் பலகை தேய்வது குறையும்.

மெட்டுள்ள கருவியில் விரல் மெட்டுக்குச் சற்றுப் பின்னே அமையும். ஈண்டோ சுரம் பிறக்கும் இடத்திலேயே அமைதல் வேண்டும். இம்மி பிறழினும் சுருதி கெடும். எனவே, திறந்த கம்பியை ஒலிக்கவிட்டு, அதனோடு இயையுமாறு ஒவ்வொரு சுரத்தையும் மெல்லத் தேடுக. பலகையிற் கீறிய கோடுகள் கண்ணுக்குத் துணையாகும். தீர்ப்புச் சொல்வது செவியே.

இலக்கணம் கற்பிக்கும் நான் இக்கருவியைப் போற்றுவதற்குக் காரணம் இதுவே. மெட்டு, விரலின் சிறுபிழையை மறைத்துவிடும். வெறும்பலகை மறையாது உரைக்கும். அவ்வாசிரியரை மலிவான கருவியிலும் பெறலாம்.