டாக்டர் கேட்காத கேள்வி

கிள்ளானில் ஓர் அரசு கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயது தாண்டிய ஒருவர், "நெஞ்சு படபடங்குது, ராத்திரியில தூக்கம் இல்ல, தலையெல்லாம் கனமா இருக்கு" என்கிறார். பக்கத்தில் இருக்கும் மகன் அதை மலாயில் சொல்கிறான். "குடிப்பாரா?" என்று டாக்டர் கேட்கிறார். எப்போதாவது என்று பதில் வருகிறது. அட்டையில் குடிப்பழக்கம் ஏறிவிடுகிறது. போன வருடம் மனைவி இறந்ததை யாரும் கேட்கவில்லை. செத்துவிடலாமா என்று தோன்றுவதை மகன் காதுபட எந்த அப்பா சொல்வார்?

அந்த டாக்டர் கெட்டவர் அல்ல. வரிசையில் இன்னும் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். இந்திய ஆண், வேலை இல்லை, தூக்கம் இல்லை என்றதும் சம்சு சாராயம்தான் காரணம் என்ற விடை அவர் மனதில் தயாராக நிற்கிறது. விடை முன்னாலேயே வந்துவிட்டால் அடுத்த கேள்வி பிறக்காது. முன்முடிவு வேலை செய்வது பெரும்பாலும் இப்படித்தான், சத்தமில்லாமல்.

சர்க்கரை நோய் என்றால் இரத்தத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மனச்சோர்வுக்கு அப்படி ஒரு பரிசோதனை இல்லை. நோயாளி என்ன சொல்கிறார், எப்படிச் சொல்கிறார், கேட்பவருக்கு அது எப்படிப் படுகிறது என்பதை வைத்துத்தான் நோய்க்குப் பெயர் வைக்கிறார்கள். 1988-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 290 மனநல மருத்துவர்களிடம் ஒரே நோயாளிக் குறிப்புகளைக் கொடுத்தார்கள். நோயாளியின் இனத்தையும் பாலினத்தையும் மட்டும் மாற்றினார்கள். நோயின் பெயரும் மாறியது. கறுப்பின ஆண் என்று எழுதியிருந்தபோது, சந்தேகம் முற்றிய மனச்சிதைவு என்ற முடிவு கூடுதலாக வந்தது.

இந்த மண்ணுக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. 'அமோக்' என்ற வெறித்தாக்குதலை மலாய்க்காரர்களின் இயல்பாகவே காலனிய டாக்டர்கள் எழுதினார்கள். சிங்கப்பூர் மனநல மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த கில்மோர் எல்லிஸ் 1893-இல் அதைப் பற்றிக் கட்டுரையே வெளியிட்டார். அப்படித் தாக்கியவர்களில் பலருக்கு மனநோய் இருந்தது என்றும், இதுபோன்ற வெறி மற்ற இனங்களிலும் உண்டு என்றும் பின்னர் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனாலும் அமெரிக்க மனநோய்க் கையேட்டின் 1994 பதிப்பில்கூட அந்தச் சொல் இருந்தது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலையில் அருள் வந்து ஆடுபவரை நோயாளி என்பது ஒரு பிழை. மாதக்கணக்காகக் குரல் கேட்டுத் தவிக்கும் பெண்ணை, "உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் சாமி விஷயம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது இன்னொரு பிழை. இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது.

தமிழ் டாக்டர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் உறுதியில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கும், தோட்டம் மூடியபின் லயத்தை விட்டு மலிவு அடுக்குமாடிக்கு வந்தவருக்கும் நடுவே வர்க்கம் என்ற சுவர் நிற்கிறது. "தோட்டத்து ஆளுங்க இப்படித்தான்" என்ற வார்த்தை தமிழிலும் வரும்.

இந்தக் கவனக்குறைவுக்கு நம் மக்கள் கொடுக்கும் விலை பெரிது. மலேசிய இந்தியர்களிடையே தற்கொலை விகிதம் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்படும்வரை தற்கொலை முயற்சி இங்கே சிறைக்குரிய குற்றம். உண்மையைச் சொல்லப் பயந்தே பழகியவர்களிடம்தான் இன்று டாக்டர்கள் விவரம் கேட்கிறார்கள்.

அதே அமெரிக்க மனநோய்க் கையேட்டின் 2013 பதிப்பில் பண்பாட்டை ஒட்டி விசாரிப்பதற்கென்றே 16 கேள்விகள் உள்ளன. உங்கள் கஷ்டத்தைச் சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வீர்கள் என்பது அதில் ஒன்று. டாக்டர் கேட்காவிட்டால் நாமே சொல்லலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காமல் தமிழ் தெரிந்த தாதி யாராவது உண்டா என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்றும் சொல்லுங்கள். எது எப்போது ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். முதலில் தூக்கம் போனதா, குடி வந்ததா என்பது அந்தத் தாளில் கட்டாயம் இருக்கட்டும்.