கதவைத் திறந்துவிட்டால் போதுமா?

வெள்ளிக்கிழமை இரவு தெலுக் இந்தான் பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்குகிறவர்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள். அதிலும் இளம் பெண்கள். முதுகில் பை, கையில் போன், முகத்தில் ஒரு வாரக் களைப்பு. ஒருத்தி வங்கியில் இருப்பாள், ஒருத்தி மருத்துவமனையில் தாதியாக இருப்பாள், இன்னொருத்தி கணக்காய்வு அலுவலகத்தில் இருப்பாள். வெளியே மோட்டார் சைக்கிளிலும் காரிலும் அப்பாவோ தம்பியோ காத்திருப்பார்கள்.

வாரத்தில் ஐந்து நாள் அந்தப் பெண் தலைநகரில் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறாள். அறை வாடகையும் முன்பணமும் அவளே கட்டுகிறாள். கார் பழுதானால் பட்டறைக்காரனிடம் அவளே பேரம் பேசுகிறாள். மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள். சனிக்கிழமை இரவு, "பழைய பள்ளித் தோழிகளோடு மாமாக் கடைக்குப் போய் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வருகிறேன்மா" என்கிறாள். உடனே கேள்விகள் பறக்கும். யாரோடு? எத்தனை பேர்? பையன்களும் வருகிறார்களா? கடைசியில் ஒரு தீர்ப்பு: "தம்பியையும் கூட்டிக்கொண்டு போ."

தம்பிக்கு வயது பதினாறு. லைசென்ஸ் இல்லை. அவனை ஏற்றிப் போய், அவனுக்கும் ஒரு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது அக்காளின் வேலை. இதில் யார் யாருக்குத் துணை?

இன்னொரு பக்கம் நம் பையன்களும் குழம்பித்தான் போயிருக்கிறார்கள். "கதவைத் திறந்துவிட்டால், எனக்குக் கையில்லையா என்கிறாள். திறக்காமல் விட்டால், மரியாதை தெரியாதவன் என்கிறாள். நான் என்னதான் செய்வது?" என்று கேட்கிற பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. சம்பாதிக்கிற, தனியாக வாழத் தெரிந்த ஒரு பெண்ணிடம் ஓர் ஆண் எப்படிக் கண்ணியமாக நடந்துகொள்வது?

இருட்டு நமக்குப் புதிதா?

நம் பாட்டிமார்கள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்தவர்கள். அடுப்பு வேலையை முடித்து, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் நிரைக்குள் நுழைந்தார்கள். பாம்பு இருந்தது, காட்டுப் பன்றி இருந்தது, மழை இருந்தது. அவளுக்கென்று பிரித்துக் கொடுத்த நிரையில் அவள் தனியாகத்தான் மரம் சீவினாள்.

அந்த இருட்டில் "துணைக்கு யார்?" என்று எவரும் கேட்கவில்லை. அவள் பலவீனமானவள் என்ற நினைப்பு கூலியைக் கணக்கிடும்போது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. 1920-களின் கடைசியில் மலாயாவின் பல பகுதிகளுக்கு அரசாங்கம் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

ஆகவே நம் வீட்டுப் பெண்கள் இருட்டில் வெளியே போவது மூன்று, நான்கு தலைமுறைப் பழக்கம். உழைக்கப் போனால் யாரும் கேட்பதில்லை. சிரித்துப் பேசப் போனால்தான் கேட்கிறோம். அவளுடைய பாதுகாப்புக்காகக் கேட்கிறோமா, அல்லது ஊர் என்ன சொல்லும் என்பதற்காகக் கேட்கிறோமா என்பதைப் பெற்றோர்கள் ஒரு முறை தங்கள் மனத்தையே கேட்டுக்கொள்ளலாம்.

துரையின் தொப்பி

பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிடுவது, நாற்காலியை இழுத்துப் போடுவது, முதலில் போகச் சொல்லி வழிவிடுவது எல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்த பழக்கங்கள். குதிரைமேல் வந்த பழைய காலத்துப் போர்வீரர்களுக்கு வகுக்கப்பட்ட நெறிகள் அவற்றுக்கு மூலம். அந்த மரியாதை கோட்டைக்குள் இருந்த பிரபு குலத்துப் பெண்களுக்குத்தான் கிடைத்தது. வயலில் குனிந்து கதிர் அறுத்தவளுக்கு யாரும் வழிவிடவில்லை.

தோட்டத்துக்கு வந்த துரைமார்களும் அதே கதைதான். துரை தொப்பியைக் கழற்றியது தன் நாட்டுச் சீமாட்டிகளுக்கு. இரண்டு கையிலும் பால் வாளி தூக்கி வந்த பெண்ணுக்கு அந்தத் தொப்பி கழன்றதில்லை. ஆளைப் பார்த்து, அந்தஸ்தைப் பார்த்துக் காட்டும் மரியாதைக்கு நாகரிகம் என்று பெயர் வைக்கலாம். கண்ணியம் என்று சொல்ல முடியாது.

இன்றும் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. அழகான தோழிக்குக் காரின் கதவைத் திறந்துவிடும் இளைஞர், அதே கடையில் மேசை துடைக்கும் அக்காளிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். விடை அங்கே கிடைத்துவிடும்.

உடன் நடந்தவர்கள்

நல்ல உதாரணத்துக்கு நாம் ஐரோப்பா போக வேண்டியதில்லை. நம் மண்ணிலேயே இருக்கிறது.

1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது, அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியப் பெண்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் அதில் ஏராளம். டாக்டர் லட்சுமி தலைமையேற்றார். கோலாலம்பூரின் ஜானகி தேவர் இருந்தார். நம் பேராக்கில், ஈப்போவில் வளர்ந்த ரசம்மாவும் அவருடைய சகோதரி பொன்னம்மாவும் இருந்தார்கள். ரசம்மாவுக்கு அப்போது 16 வயது. துப்பாக்கியோடு அணிவகுத்த இந்தப் பெண்களைப் பார்த்து அந்தக் காலத்தில் வாயைப் பிளந்தவர்கள் எத்தனையோ பேர்.

1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூன் கைவிட்டுப் போகும் நிலை. அங்கே எஞ்சியிருந்த பெண் வீராங்கனைகளைப் பாதுகாப்பாக அனுப்ப ஏற்பாடு ஆகும்வரை தான் கிளம்ப மாட்டேன் என்று நேதாஜி பிடிவாதமாக இருந்தார். பின்னர் அவர்களோடு சேர்ந்தே புறப்பட்டார். வழியில் வாகனங்களை விட்டுவிட்டு இரவில் நடக்க வேண்டி வந்தது. பகலில் விமானங்கள் குண்டு போட்டன. அவருக்கு வாகனம் தர ஜப்பானியர் முன்வந்தும், அவர் அந்தப் பெண்களோடும் மற்ற வீரர்களோடும் நடந்தே வந்தார். கால்கள் கொப்புளித்துப் போயின.

இந்த நிகழ்ச்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "நீங்கள் பெண்கள், உங்களுக்குப் போர் எதற்கு?" என்று அவர் தடுக்கவில்லை. போகச் சொல்லிவிட்டு ஆபத்தில் கைவிடவும் இல்லை. அவர்கள் சுமந்ததைச் சுமந்து, அவர்கள் நடந்த தூரத்தை நடந்தார். ஆண் பெண்ணுக்குத் தரக்கூடிய துணைக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடைக்காது.

அந்த ரசம்மா பின்னாளில் ஆசிரியையானார், ரசம்மா பூபாலன் என்று நாடறிந்தார். ஆண் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், அதே வகுப்பில் அதே பாடம் நடத்தும் பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்ற காலம் அது. 1960-இல் அவர் பெண் ஆசிரியர்களுக்கென்று தனிச் சங்கத்தைத் தொடங்கினார். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். 1960-களின் முடிவில் அரசாங்கம் அதை ஏற்றது. இன்று அரசாங்க வேலையில் இருக்கும் உங்கள் மகள் தன்னோடு வேலை செய்யும் ஆணுக்குச் சமமாகச் சம்பளம் வாங்குகிறாள் என்றால், அதில் ஈப்போவில் வளர்ந்த ஒரு பெண்ணின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

பில்லை யார் கட்டுவது?

இனி மாமாக் கடை மேசைக்கு வருவோம். இளைஞர்களை அதிகம் தடுமாற வைப்பது இந்தச் சின்ன விஷயம்தான்.

பில்லை ஆண்தான் கட்ட வேண்டும் என்பது அவன் மட்டும் சம்பாதித்த காலத்து வழக்கம். இருவரும் சம்பாதிக்கும்போது, "இன்று நான், அடுத்த முறை நீ" என்பது இருவருக்கும் மரியாதை. கூப்பிட்டவர் கட்டலாம், பாதிப் பாதியாகவும் பிரிக்கலாம். எப்படியானாலும் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: முப்பது வெள்ளிக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்ததால் அவளுடைய நேரத்தின்மீதோ மனத்தின்மீதோ எந்த உரிமையும் வந்துவிடாது. அப்படி ஒரு கணக்கு மனத்தில் ஓடுமானால், அவரவர் பில்லை அவரவரே கட்டுவது நல்லது.

இரவு நேரம் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதும் அப்படித்தான். "நான் கொண்டுவந்து விடட்டுமா?" என்று கேளுங்கள். "வேண்டாம், கிராப் எடுத்துக்கொள்கிறேன்" என்றால் சரியென்று சொல்லுங்கள். கார் வரும்வரை கூட நின்று, "வீட்டுக்குப் போனதும் ஒரு மெசேஜ் போடு" என்று சொல்லி அனுப்புங்கள். வற்புறுத்தி ஏற்றிக்கொண்டு போவதைவிட அதில் அக்கறை அதிகம்.

பெண்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நல்லெண்ணத்தோடு நீட்டும் கையை எல்லோர் முன்னாலும் இளக்காரமாகத் தட்டிவிட வேண்டியதில்லை. "நன்றி, நானே தூக்கிக்கொள்கிறேன்" என்று சிரித்துச் சொன்னால் போதும். தேவைப்படும்போது உதவி கேட்பதால் சுதந்திரம் குறைந்துவிடாது. கனமான பெட்டியைத் தூக்க ஆணும்தான் இன்னோர் ஆளைக் கூப்பிடுகிறான்.

"வேண்டாம்" என்றால்

நம் சினிமா நம் பையன்களுக்கு ஒரு தவறான பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவிட்டது. கதாநாயகி முடியாது என்பாள். கதாநாயகன் பின்னாலேயே போவான், வேலை செய்யும் இடத்து வாசலில் நிற்பான், பூவும் கடிதமும் அனுப்புவான். இடைவேளைக்குள் அவள் மனம் மாறிவிடும்.

மலேசியாவில் இன்று அது குற்றம். 2023-இல் தண்டனைச் சட்டத்தில் 507ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, வீட்டருகிலோ வேலையிடத்திலோ சுற்றி நிற்பது, தொடர்ந்து மெசேஜ் அனுப்புவது, பொருள் அனுப்புவது என்று தொல்லை கொடுத்து அச்சத்தையோ மன உளைச்சலையோ உண்டாக்கினால், மூன்று ஆண்டுவரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பாலியல் துன்புறுத்தல் எதிர்ப்புச் சட்டம் 2022-இல் வந்தது. அதன்கீழ் அமைந்த நடுவர் மன்றம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க உத்தரவிடலாம். தெருவில் சீண்டியவன், அலுவலகத்தில் கூசும்படி பேசியவன், போனில் ஆபாசம் அனுப்பியவன் யாராக இருந்தாலும் அங்கே புகார் செய்யலாம். இந்த இரண்டு சட்டங்களையும் மகள்களுக்கு மட்டும் சொன்னால் போதாது. மகன்களையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

போனிலும் கண்ணியம் வேண்டும் என்பதற்கு நம் தெலுக் இந்தானே சாட்சி. 2014 மே மாத இடைத்தேர்தலில் இங்கே 27 வயது வழக்கறிஞர் டயானா சோஃபியா போட்டியிட்டார். 238 வாக்குகளில்தான் தோற்றார். எந்தக் கட்சி என்பதை ஒரு பக்கம் வையுங்கள். அவருடைய கொள்கையைவிட அவருடைய தோற்றத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. போதாததற்கு, வேறொரு நாட்டு நடிகையின் நீச்சலுடைப் படத்தை அவருடைய படம் என்று இணையத்தில் பரப்பினார்கள். அதைச் சரிபார்க்காமல் மற்றவர்களுக்கு அனுப்பிய ஒவ்வொரு விரலும் குற்றத்தில் பங்கு கொண்டது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணின் படம் இப்படி வந்தால், "இதை இங்கே போடாதே" என்று முதலில் சொல்கிறவன்தான் இந்தக் காலத்து வீரன்.

வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்

இவை எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் சொல்வதானால், கேளுங்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று நாமே முடிவு செய்யாமல், அவளிடம் கேட்பது. அவள் சொன்ன பதிலை, அது நமக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும், ஏற்றுக்கொள்வது. கதவைத் திறந்துவிடுவது இரண்டு நொடி வேலை. பதிலை ஏற்றுக்கொள்வதுதான் கடினம்.

இதை எந்தப் பள்ளியும் கற்றுத் தராது. சாப்பிட்ட தட்டை அக்காளோ தங்கையோ கழுவட்டும் என்று எழுந்து போகும் பையன், நாளை வெளியில் எத்தனை கதவைத் திறந்துவிட்டாலும் அது வெறும் நடிப்புத்தான். அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போது வெங்காயம் உரித்துக் கொடுக்கும் அப்பாவைப் பார்த்து வளர்கிறவனுக்குத் தனியாகப் பாடம் தேவையில்லை.

மகள் இரவு வெளியே போகிறாளா? எத்தனை மணிக்கு வருவாய் என்று கேளுங்கள், தவறில்லை. அதே கேள்வியை மகனிடமும் கேளுங்கள். போன் முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கிறதா, காரில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். "எந்த நேரமானாலும், என்ன நடந்திருந்தாலும், முதலில் எனக்குப் போன் செய். திட்ட மாட்டேன்" என்று சொல்லி அனுப்புங்கள். பதினாறு வயதுத் தம்பியைத் துணைக்கு அனுப்புவதைவிட இந்த ஒரு வாக்குறுதி அவளுக்குப் பெரிய பாதுகாப்பு. சொன்னபடி, அவள் போன் செய்யும்போது திட்டாமலும் இருங்கள்.