மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பும் இரும்புப் பெட்டி

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்புறத்தில் அரபிக் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த ஒரு நதியை அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிக் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்து சேர்த்த மகத்தான பிரயத்தனம் 1887-ல் ஆரம்பித்து 1895-ல் நிறைவேறிற்று. அதை முன்னின்று நடத்திய ஜான் பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதியன்று அவரை நினைத்து இப்பிரதேசத்து ஜனங்கள் இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் இறங்கும் அந்த நீர், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர் ஊராகக் கடந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இருபோக பூமியை நனைக்கிறது. இத்தனை தூரம் வந்த ஜலம் மடையைத் தாண்டி வயலுக்குள் நுழைந்த பிறகு அங்கே எப்படிச் செலவாகிறது என்பதை அந்த வயலின் மட்டமே தீர்மானிக்கிறது. அணையைப் பற்றியும் அதன் நீர்மட்டத்தைப் பற்றியும் நாள்தோறும் பேசுகிற நாம் வயலின் மட்டத்தைப் பற்றி அதில் நூறில் ஒரு பங்கேனும் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயத்தின் பாரதூரம் தெரியும். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் 10 சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வு உள்ள ஓர் ஏக்கர் வயலில், மேட்டுக் கோடியின் மண் மேலோட்டமாக நனைவதற்குள் பள்ளக் கோடியில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றுவிடும்; சராசரி 5 சென்டிமீட்டர் என்று கொண்டால் அது 2 லட்சம் லிட்டர். வயல் மட்டமாக இருந்திருந்தால் முதல் அங்குலத்திலேயே எல்லா நாற்றுக்கும் கிடைத்திருக்க வேண்டிய நீர், மேட்டை எட்டிப் பிடிப்பதற்காகவே இப்படிப் பள்ளத்தில் முடங்குகிறது. பள்ளத்தில் நட்ட இளம் பயிர் மூழ்கிச் சோர, மேட்டில் நீர் நிற்காத இடத்தில் களை தழைக்க, இட்ட உரமெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்க, ஒரே வரப்புக்குள் மூன்று விதமான விளைச்சலைச் சம்சாரி பார்க்க நேரிடுகிறது.

முற்காலத்தில் இந்தக் குறையைப் பரம்புப் பலகை கொண்டு தீர்த்தார்கள். உழுது சேறாக்கிய வயலில் காளைகள் பலகையை இழுத்துச் செல்ல, அதன் மேல் ஏறி நின்றவர் தம் உடம்பின் பாரத்தால் மேட்டு மண்ணை வழித்துக்கொண்டு போய், பள்ளம் வந்த இடத்தில் குதிகாலைச் சற்றே தளர்த்தி மண்ணை உதிர விடுவார். வெறும் மரத்துண்டாகத் தோன்றும் அந்தச் சாதனத்தின் சூட்சுமம் முழுவதும் நிற்பவரின் பாதத்தில் இருந்தது. சேற்றில் இரண்டு மூன்று விரற்கடை ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதற்கு இதைவிட நேர்த்தியான முறை கிடையாது. டிராக்டர் வந்த பின்னும் இரும்புக் கேஜ் வீலுக்குப் பின்னால் பலகையைக் கட்டி இழுப்பது அதன் தொடர்ச்சியேயாகும். ஆனால் கோடையில் வெயில் தின்று இறுகிக் கிடக்கும் தரையையோ, முழங்கால் உயர மேட்டையோ, வாய்க்கால் தூர்வாரிக் கொட்டிய மண் குவியலையோ பரம்பு அசைக்க மாட்டாது. அந்தக் காரியத்துக்கு ஏற்பட்டதுதான் டிராக்டரின் பின்னால் பூட்டும் பெட்டி பிளேடு.

பார்வைக்கு இது அடியும் முன்புறமும் திறந்த ஓர் இரும்புப் பெட்டி. பின்னால் ஒரு கனத்த தகடு. இரு பக்கமும் மண் வழிந்து போகாமல் தடுக்கும் பக்கத் தகடுகள். பின் தகட்டின் அடியில், முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாக, தேய்ந்தால் கழற்றி மாற்றத்தக்க இரண்டு வெட்டு விளிம்புகள். பெட்டியின் முன்பாகத்தில் குறுக்கே ஒரு சட்டம்; அதில் நாலைந்து இரும்புப் பற்கள் செங்குத்தாகச் செருகியிருக்கும். ஒவ்வொரு பல்லின் தண்டிலும் வரிசையாகத் துளைகள் உண்டு. முளையைக் கழற்றி வேறு துளையில் மாட்டினால் பல் வேண்டிய ஆழத்துக்கு இறங்கும், வேண்டாத போது மேலே ஏறிவிடும். பல் கீறி இளக்குகிறது, விளிம்பு சீவுகிறது, பெட்டி சுமக்கிறது, பள்ளம் வந்ததும் சுமந்ததைத் தானே கொட்டுகிறது. கலப்பை, மண்வெட்டி, கூடை ஆகிய மூன்றின் வேலையும் ஒரே ஓட்டத்தில் நடைபெறுவதுதான் இதன் விசேஷம்.

இதன் பூர்வீகம் கலிபோர்னியாவின் ஒரு பாசனப் பள்ளத்தாக்கு. ஸ்காட்லாந்திலிருந்து அங்கே குடியேறிய ஜேம்ஸ் போர்ட்டியஸ் என்பவர், மணற்பாங்கான நிலத்தில் வாய்க்கால் வெட்டவும் வயலை நிரவவும் படுகிற சிரமத்தைக் கண்டு, குதிரைகள் இழுக்கும் ஓர் இரும்பு வாரியை 1883-ல் உருவாக்கினார். அவர் குடியேறிய ஊரின் பெயரால் அது பிரெஸ்னோ ஸ்கிரேப்பர் என்று பிரசித்தி பெற்று, பனாமா கால்வாய் வேலை வரை சென்றது. பின்னால் நடந்து வருபவர் நீண்ட கைப்பிடியைத் தூக்கினால் வாரி மண்ணைக் கடிக்கும், தாழ்த்தினால் கடிப்பதை நிறுத்தும்.

அந்தக் கைப்பிடியின் ஸ்தானத்தை இன்று டிராக்டரின் ஹைட்ராலிக் லிப்ட் வகிக்கிறது. அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் 1920-களில் வகுத்த மும்முனை இணைப்பு, அதாவது கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு டாப் லிங்க்கும் சேர்ந்து கருவியை டிராக்டரின் அங்கமாகவே பூட்டிக்கொள்ளும் முறை, உழவு யந்திரத்தின் சரித்திரத்தையே மாற்றியது. அவருடைய பெயரைத் தாங்கிய மாசி பெர்குசனின் கூட்டுறவோடு 1960-ல் சென்னையில் டாபே கம்பெனி ஏற்பட்டதனால், தமிழ்நாட்டுச் சம்சாரிக்கு அந்த இணைப்பு வெகு காலமாகப் பழகிய ஒன்று. ஒன்பது கலப்பையைப் பூட்டுகிற அதே மூன்று முளைகளில் பெட்டியையும் பூட்டிவிடலாம்.

பெட்டியின் சுபாவத்தை மாற்றுவது டாப் லிங்க். அதைத் திருகிக் குறுக்கினால் பெட்டியின் முன்பாகம் தாழ்ந்து பற்கள் தரையில் ஆழ இறங்கும். நீட்டினால் பற்கள் எழும்பி, பின் விளிம்பு தரையைத் தடவிக்கொண்டு சென்று வழவழப்பாக்கும். வலக்கைப் பக்கத்துத் தூக்கு தண்டைத் திருகி ஒரு பக்கத்தை மட்டும் தாழ்த்தினால் வரப்போரமாகச் சாய்வு எடுக்கலாம், சிறு வாய்க்கால் வெட்டலாம். ஆகையால் இறுகிய தரையில் முதல் ஓட்டம் பற்களுக்கே உரியது. நெடுக ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் கீறி மண்ணை இளக்கிக்கொண்ட பிறகே பற்களை உயர்த்தி விளிம்பைக் கொண்டு மண்ணை நகர்த்த வேண்டும். மண்ணின் பதமும் முக்கியம். ஒரு பிடி மண்ணைக் கையில் அழுத்தினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டை உதிராமல் நசுங்கினால் ஈரம் மிகுதி, பெட்டி மண்ணைச் சீவாமல் மெழுகிவிடும். உருண்டையே பிடிக்காவிட்டால் ஒன்று கட்டியாகப் பெயரும் அல்லது புழுதியாகப் பறக்கும்.

தேர்ந்த ஓட்டுநர் ஒருவர் வேலை செய்வதை அருகில் நின்று பார்க்க வேண்டும். தாழ்ந்த கியரில், நடந்து வருகிற ஆளை முந்தாத வேகத்தில், ஒரு கண் முன்னும் ஒரு கண் பின்னுமாக அவர் செல்கிறார். வலது கை லிப்ட் நெம்புகோலை விட்டு அகல்வதில்லை. அதை அசைப்பது ஒரு விரற்கடைக்கு மேல் இல்லை. விளிம்பு கடிக்கத் தொடங்கியதும் செம்மண் தகடாக எழுந்து, பின் தகட்டில் மோதி, உருண்டு முன்னே விழுந்து, மறுபடி எழுந்து, பெட்டிக்குள் ஓயாமல் புரள்கிறது. அந்தப் புரளலில் கட்டிகள் ஒன்றோடொன்று உரசித் தூளாகின்றன. எஞ்சினின் குரல் கனத்தவுடன் நெம்புகோல் ஓர் இழை உயர்கிறது. பள்ளத்தின் விளிம்பை எட்டியதும் அவர் ஒன்றுமே செய்வதில்லை. தரை கீழே இறங்க, பெட்டிக்கு அடியில் உண்டான இடைவெளி வழியே மண் தானாகச் சரிந்து பள்ளத்தை அடைக்கிறது.

புதிதாகப் பழகுகிறவர்கள் மனம் சலிப்பது ஓர் இடத்தில்தான்: மட்டமாக்கப் போன நிலம் அலை அலையாகிவிடும். இதற்குக் காரணம் ஓட்டுநரின் அசிரத்தை அல்ல, டிராக்டரின் அமைப்பு. முன் சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது டிராக்டரின் மூக்கு உயர்வதால், பின்னால் உள்ள பெட்டி தாழ்ந்து அங்கே வேண்டாத பள்ளம் பறிக்கிறது. பின் சக்கரம் அதே மேட்டில் ஏறும்போது பெட்டி உயர்ந்து, சீவ வேண்டிய மண்ணைச் சீவாமல் விட்டுவிடுகிறது. இப்படி ஒரு மேடு இரண்டாகப் பெருகும். தச்சரால் குட்டை இழைப்புளியைக் கொண்டு பலகையின் அலையைத் தொடர்ந்து செல்ல முடியுமேயன்றி நீக்க முடியாது. நீண்ட இழைப்புளிதான் மேட்டில் மட்டும் படும். பெட்டி பிளேடு குட்டை இழைப்புளிக்குச் சமானம். ஆகவே ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டாமல், மூலைக்கு மூலை சாய்வாகவும் குறுக்காகவும் தடத்தை மாற்றிக்கொண்டே வருவதும், ஒவ்வோர் ஓட்டத்திலும் கொஞ்சமாகவே சீவுவதுமே இதற்குப் பரிகாரம். பெட்டியின் அகலம் பின் சக்கரங்களின் தடத்தை மூடுமளவு இருப்பதும் அவசியம். இல்லையேல் சக்கரத் தடம் அழியாமல் நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பரம்பின் மேல் ஆள் நின்ற பழக்கத்தை நினைத்து, பாரத்துக்காகப் பெட்டியின் மேல் பையன்களை ஏற்றிவிடக் கூடாது. புதைந்து கிடக்கும் ஒரு கல்லில் பல் மாட்டினால் பெட்டி துள்ளும். தவறி விழுகிறவன் விழுவது விளிம்புக்கு முன்னால். பாரம் போதவில்லை என்றால் கல்லையோ மண் மூட்டையையோ கட்டுங்கள்.

மண்ணை நகர்த்துவது எளிதாகிவிட்டதாலேயே ஒரு புதிய அபாயமும் சேர்ந்திருக்கிறது. முன்சொன்ன 10 சென்டிமீட்டர் சரிவுள்ள ஏக்கரை மட்டமாக்க ஏறக்குறைய 50 கன மீட்டர் மண் இடம் மாற வேண்டும். மணலும் ஜல்லியும் வாங்குகிறவர்கள் பேசும் கணக்கில் அது 17 யூனிட்டுக்கு மேல். அந்த மண் முழுவதும் மேட்டின் மேல் மண். தலைமுறை தலைமுறையாகத் தழையும் எருவும் தின்று உயிர் பெற்ற மண். அது பள்ளத்துக்குப் போனபின் மேட்டில் எஞ்சுவது வெளிறிய அடி மண். அங்கே முதல் போகத்துப் பயிர் வாட்டம் காட்டத்தான் செய்யும். நிரவல் அதிகமாயின் மேல் மண்ணை முதலில் ஒதுக்கிக் குவித்து, அடி மண்ணை மட்டமாக்கி, பிறகு மேல் மண்ணைப் பரப்புவதே உத்தமம். அதற்கு வசதியில்லாதவர்கள் சீவிய பாகத்தில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். ஆட்டுக் கிடையோ, இந்தப் பள்ளத்தாக்கின் மலைமாட்டுக் கிடையோ போடலாம். பெட்டியும் டயரும் பலமுறை ஏறி இறுக்கிய தரையைக் கடைசியில் ஒருமுறை கொத்துக்கலப்பையால் இளக்கிவிடவும் மறக்கக் கூடாது.

நெல் வயலுக்குத்தான் சரி மட்டம். வாழைக்கும் பீட்ரூட்டுக்கும் பார் கட்டிப் பாய்ச்சுகிற நிலத்தில், 100 மீட்டருக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் சீரான சரிவு இருந்தால் நீர் தேங்காமல் கடைசி வரை ஓடும்.

இப்போது லேசர் லெவலர் என்ற யந்திரம் பேசப்படுகிறது. இந்தியாவில் 2001-ல் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அறிமுகமான இதிலும் மண்ணைச் சுமப்பது பெட்டி பிளேடின் உறவான ஒரு வாளியே. வயலோரத்து முக்காலியில் சுழலும் ஒளிக்கதிரை வாளியின் கம்பத்தில் உள்ள ஏற்பி உணர்ந்து, ஹைட்ராலிக்கை ஏற்றி இறக்குகிறது. டிராக்டரின் மூக்கு எப்படி ஆடினாலும் வாளி மட்டம் தவறாது. அலை என்ற குறை இங்கே ஒழிந்துவிடுகிறது. அகன்ற வயல்களுக்கு இது நிச்சயமாகச் சிரேஷ்டமானது. ஆனால் வரப்பு நெருங்கிய சிறு வயல்களில் கருவி திரும்புவதிலேயே நேரம் கழிந்துபோகும் என்பதால், அரை ஏக்கரும் கால் ஏக்கருமாக நிலம் உடையவர்களுக்குப் பெட்டி பிளேடே கைக்கு எட்டிய சாதனம் என்று கருதுகிறேன்.

முதல் போகத்துக்கு ஜூன் முதல் தேதியில் அணை திறப்பது வழக்கமாதலால், சித்திரையிலும் வைகாசி முற்பகுதியிலும் கோடை மழை ஒன்று விழுந்து மண் பதப்படும் நாட்களே இந்த வேலைக்கு வாய்த்தவை. டிராக்டருக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால், ஊரில் உள்ள கொத்தனாரிடம் நீர் நிரப்பிய மட்டக் குழாயை இரவல் வாங்கி, வயலின் நான்கு மூலையையும் நடுவையும் அளந்து, எது எத்தனை விரற்கடை மேடு, எது எத்தனை பள்ளம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் வந்தவுடன் அந்தத் தாளை முதலில் அவர் கையில் கொடுங்கள்.